சூப்பர்ஹீரோ ஃபிகர்களின் அளவு விகிதம்: ஒரே அலமாரித் தட்டில் நிறுத்துவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பெட்டியின் மேல் "6 அங்குலம்" என்று அச்சிடப்பட்ட இரண்டு சூப்பர்ஹீரோ ஆக்‌ஷன் ஃபிகர்களை இரு வேறு நிறுவனங்களிடமிருந்து வாங்கி அருகருகே நிறுத்தினால், ஒருவர் வளர்ந்த ஆளாகவும் மற்றவர் பள்ளிக்கூடப் பையனாகவும் தெரிவது சேகரிப்பாளர்களுக்குப் புதிதல்ல. உடனே ஸ்கேலை எடுத்து உயரத்தை அளந்து பார்ப்பவர்கள், இரண்டுக்கும் அரை சென்டிமீட்டர்கூட வேறுபாடு இல்லை என்று கண்டு குழம்புகிறார்கள். கோளாறு பெரும்பாலும் உயரத்தில் இருப்பதில்லை, தலையில் இருக்கிறது. எனவே இந்த வழிகாட்டி முதலில் விகிதத்தையும், அடுத்துத் தலையையும், அதன் பிறகே உயரத்தையும் பார்க்கிறது. கணக்குகள் 1/12 விகிதத்தில் தரப்பட்டுள்ளன. வேறு விகிதத்தில் சேகரிப்பவர்கள் 12-க்குப் பதிலாகத் தங்கள் எண்ணால் வகுத்துக்கொண்டால் போதும்.

அங்குலம் வேறு, விகிதம் வேறு

"6 அங்குலம்" என்பது கடைத்தட்டில் பொருளை வகைப்படுத்தும் பெயர்; "1/12" என்பது கணக்கு. ஓர் அடிக்கு 12 அங்குலம் என்பதால், 1/12 விகிதத்தில் ஓர் அடி ஓர் அங்குலமாகிறது; ஆறடி மனிதர் 6 அங்குலம், அதாவது 15.2 செ.மீ. ஆகிறார். இரண்டும் ஒன்றுதான் என்ற எண்ணம் இங்கிருந்துதான் வருகிறது. ஆனால் ஆறடி உயரமுள்ளவருக்கு மட்டுமே அது பொருந்தும். ஐந்தடி மூன்று அங்குல ஆளையும் ஆறரை அடி ஆளையும் ஒரே 6 அங்குலத்தில் வார்த்தால், பெட்டியில் எழுதியது பொய்யாகாது. விகிதம் மட்டும் கெட்டுப்போகும்.

இத்தனை அளவுகள் ஏன் புழங்குகின்றன என்பதற்கு வரலாறு உண்டு. 1964-இல் ஹாஸ்ப்ரோ வெளியிட்ட முதல் ஜி.ஐ. ஜோ 12 அங்குலம், அதாவது 1/6. எழுபதுகளில் மீகோ நிறுவனம் மார்வல், டிசி நாயகர்களைத் துணி உடையுடன் 8 அங்குலத்தில் விற்றது. அது ஏறத்தாழ 1/9. 1978-இல் கென்னரின் ஸ்டார் வார்ஸ் ஃபிகர்கள் 3¾ அங்குலத்துக்குச் சுருங்கின. ஆள் சிறியதானால்தான் விண்கலத்தை வீட்டுக்குள் வைக்கும் அளவிலும் வாங்கக்கூடிய விலையிலும் செய்ய முடியும். அந்த 1/18 அளவையே 1982-இல் ஜி.ஐ. ஜோவும் ஏற்றது. தொண்ணூறுகளில் இந்தியக் கடைகளில் ஃபன்ஸ்கூல் விற்ற ஜி.ஐ. ஜோ வீரர்கள் வீட்டுப் பரணில் இன்னும் கிடந்தால், அவர்கள் இந்த விகிதத்தைச் சேர்ந்தவர்கள். இன்றைய நாயகர்களுக்குப் பக்கத்தில் நிற்க முடியாதவர்கள். 2002-இல் டாய் பிஸ் தொடங்கி, 2007 முதல் ஹாஸ்ப்ரோ கைக்குச் சென்ற மார்வல் லெஜண்ட்ஸ் வரிசை 6 அங்குலத்தைப் பொது அளவாக்கியது. 2020-இல் மெக்ஃபார்லேன் நிறுவனம் தன் டிசி மல்டிவர்ஸ் வரிசையை 7 அங்குலத்தில், அதாவது ஏறத்தாழ 1/10-இல் தொடங்கியபோது, மார்வலும் டிசியும் ஒரே தட்டில் நிற்பது மறுபடியும் சிக்கலானது. ஹாங்காங்கின் ஹாட் டாய்ஸ் 1/6 என்று திட்டமாகச் சொல்கிறது. மெஸ்கோ தன் வரிசையின் பெயரிலேயே 12-ஐ வைத்திருக்கிறது. ஜப்பானின் எஸ்.ஹெச். ஃபிகுஆர்ட்ஸ் ஏறத்தாழ 15 செ.மீ., மாஃபெக்ஸ் ஏறத்தாழ 16 செ.மீ. என்ற அளவில் வருகின்றன; இவை பொதுவாக உயரத்தைச் சொல்கின்றனவே தவிர, விகிதத்தைச் சொல்வதில்லை.

முதல் படி: அடிப்படை விகிதத்தை முடிவு செய்தல்

ஃபிகர்களை மட்டும் பார்த்து இந்த முடிவை எடுக்கக் கூடாது. சுற்றி வரப்போகும் பொருட்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மேலைநாட்டுப் பொம்மை வீடுகளுக்கான மேசை, நாற்காலி, கதவு, சமையல் பாத்திரங்கள் ஆகியவற்றின் நிலையான அளவே 1/12 என்பதால், அந்த விகிதத்தைத் தேர்ந்தவருக்கு ஓர் உலகமே ஆயத்தமாகக் கிடைக்கிறது. தமியா போன்ற நிறுவனங்களின் 1/12 மோட்டார் சைக்கிள் மாடல்களும் அப்படியே பொருந்தும். கார்கள் வேண்டும் என்றால் நிலைமை மாறும். உலோகக் கார் மாடல்கள் 1/18-இல் தாராளமாகக் கிடைப்பதால் 3¾ அங்குல ஃபிகர்களுக்கே அவை பொருந்துகின்றன. 1/12-இல் நாலரை மீட்டர் கார் 37.5 செ.மீ. நீளம் வரும் என்பதை வாங்குவதற்கு முன்பே அலமாரியில் அளந்து பார்த்துக்கொள்வது நல்லது. 1/6 சேகரிப்பவர்களுக்கு பார்பி அளவுப் பொருட்கள் கைகொடுக்கும்.

இந்தியாவில் இருப்பவர்கள் இன்னொன்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். பொம்மைகள் மீதான அடிப்படை இறக்குமதி வரி 2020-இல் 20 விழுக்காட்டிலிருந்து 60 விழுக்காடாகவும், 2023-இல் 70 விழுக்காடாகவும் உயர்த்தப்பட்டது. தவறான விகிதத்தில் வாங்கிய ஒரு ஃபிகரைத் திருப்பி அனுப்புவது நடைமுறையில் இயலாத காரியம்.

இரண்டாம் படி: உயரப் பட்டியல்

மார்வல் வெளியிட்ட கதாபாத்திரக் கையேடுகள் ஒவ்வொருவரின் உயரத்தையும் தருகின்றன. கேப்டன் அமெரிக்கா 188 செ.மீ., ஸ்பைடர்மேன் 178, பிளாக் விடோ 170, தோர் 198, வுல்வரின் வெறும் 160. டிசி தரப்பில் சூப்பர்மேன் 191, பேட்மேன் 188 என்பவை நீண்ட காலமாக வழங்கிவரும் அளவுகள். திரைப்படம் என்று வந்தால் இவை தலைகீழாகும், 160 செ.மீ. வுல்வரினாக நடித்த ஹியூ ஜேக்மன் ஆறடியைத் தாண்டியவர். கையேட்டில் சுமார் 200 செ.மீ. மட்டுமே உள்ள தானோஸ், திரையில் அதைவிட மிகப் பெரிய உருவமாக வருகிறார்.

ஆகவே பட்டியல் எழுதும்போதே காமிக்ஸ் உயரமா, திரை உயரமா என்று ஒன்றைத் தேர்ந்து அதில் நிற்க வேண்டும். இரண்டையும் வைத்திருப்பவர்கள் தட்டுகளைப் பிரித்துக்கொள்வதே சரி. காமிக்ஸ் கேப்டனுக்குப் பக்கத்தில் திரை வுல்வரினை நிறுத்திவிட்டு, "உயரம் ஒத்துப்போகவில்லையே" என்று நிறுவனத்தைக் குறை சொல்வதில் பொருளில்லை.

பட்டியலில் உள்ள உயரத்தை 12-ஆல் வகுத்தால் ஃபிகரின் உயரம் கிடைக்கும்: கேப்டன் 15.7 செ.மீ., ஸ்பைடர்மேன் 14.8, பிளாக் விடோ 14.2, தோர் 16.5, வுல்வரின் 13.3. கேப்டனுக்கும் வுல்வரினுக்கும் இடையே 2.4 செ.மீ. வர வேண்டும் என்பதைக் கவனியுங்கள். சந்தையில் உள்ள பல ஜோடிகளில் இந்த இடைவெளி வெகுவாகச் சுருங்கியிருக்கும். உலோக அச்சு செய்வது பெரும் செலவு என்பதால், நிறுவனங்கள் ஒரே உடலை வார்த்துத் தலையையும் வண்ணத்தையும் மாற்றிப் பல நாயகர்களாக விற்கின்றன. அவர்கள் எல்லோரும் ஒரே உயரத்தில்தான் இருப்பார்கள். ஒரு ஃபிகர் எந்த உடலில் செய்யப்பட்டது என்று தெரிந்துவிட்டால், வாங்காமலே அதன் உயரத்தைச் சொல்லிவிடலாம்.

மூன்றாம் படி: தலை

வளர்ந்த ஆணின் தலை, மோவாயிலிருந்து உச்சி வரை, ஏறத்தாழ 23 செ.மீ.; பெண்ணின் தலை அதைவிட ஒன்று அல்லது ஒன்றரை செ.மீ. குறைவு. மனிதர்களின் உயரம் 150-லிருந்து 200 செ.மீ. வரை பரந்து வேறுபடுகிறது. தலையோ அவ்வளவாக வேறுபடுவதில்லை. நம் கண் பிறந்தது முதல் முகங்களைப் பார்த்துப் பழகியது என்பதால், ஓர் உருவம் குள்ளமான மனிதரா அல்லது சிறிதாக்கப்பட்ட மனிதரா என்பதைத் தலையை வைத்தே தீர்மானிக்கிறது. 13.3 செ.மீ. உடலில் 1.9 செ.மீ. தலை இருந்தால், அவர் குட்டையான, திரண்ட தோள்கொண்ட வுல்வரின். அதே 13.3 செ.மீ. உடலில் தலை 1.6 செ.மீ. ஆக இருந்தால், அவர் 1/14 விகிதத்தில் வந்த யாரோ ஒருவர். இரண்டின் உயரமும் ஒன்றுதான். ஒன்று மட்டுமே உங்கள் தட்டுக்கு உரியது.

நம் சிற்ப நூல்கள் இதைத் தெளிவாக வகுத்திருக்கின்றன. முகத்தின் நீளத்தை ஒரு தாலம் எனக் கொண்டு, உருவத்துக்கு ஏற்பத் தாலங்களின் எண்ணிக்கையை மட்டும் மாற்றுகிறார்கள். பெருந்தெய்வங்களுக்குப் பத்துத் தாலம், விநாயகருக்கு ஐந்து. அலகு நிலையானது, மடங்கு மாறுவது. ஃபிகர்களுக்கும் இதே பார்வை வேண்டும்: 1/12 தட்டில் நிற்கும் எல்லா மனிதர்களுக்கும் தலை 1.8 முதல் 2 செ.மீ. வரை, வுல்வரின் ஏழு தலை உயரம், கேப்டன் எட்டுக்குச் சற்று மேல்.

இயல்பான மனிதர் ஏறத்தாழ ஏழரைத் தலை உயரமே. காமிக்ஸ் ஓவியர்கள் நாயகனை எட்டு, எட்டரைத் தலையாக வரைவது மரபு. சில சிற்பிகள் ஒன்பது வரை போவதும் உண்டு. 15.7 செ.மீ. கேப்டனை ஒன்பதால் வகுத்தால் தலை 1.74 செ.மீ. வெறும் 2 மி.மீ. குறைவுதான், ஆனால் 1.95 செ.மீ. தலையுள்ள இன்னொருவர் பக்கத்தில் வந்ததும் அது பளிச்சென்று தெரியும். இந்த வழிகாட்டியின் தொடக்கத்தில் சொன்ன பள்ளிக்கூடப் பையன் குழப்பம் இப்படித்தான் உண்டாகிறது.

முகமூடிக்கும் தலைக்கவசத்துக்கும் தனிக் கணக்கு உண்டு. துணி முகமூடி அளவைக் கூட்டாது. அயர்ன்மேனின் கவசம் உள்ளே ஒரு முழுத் தலையை வைத்திருக்க வேண்டும் என்பதால் 2.1 செ.மீ.க்குக் குறையக் கூடாது. ஆனால் ஒல்லியான அழகுக்காகக் கவசத் தலையைச் சாதாரணத் தலையைவிடச் சிறிதாக்கும் சிற்பிகள் இருக்கிறார்கள். அப்படிப்பட்டதை முகம் தெரியும் மாற்றுத் தலையோடு ஒப்பிட்டால் குட்டு வெளிப்படும். முடிந்தால் கையையும் பாருங்கள்: கை நீளம் ஏறத்தாழ 1.6 செ.மீ. இருக்க வேண்டும், அது முகத்தை மோவாயிலிருந்து நெற்றி வரை மூட வேண்டும்.

நான்காம் படி: பிழையில்லாமல் அளத்தல்

வெர்னியர் காலிப்பர் இருந்தால் தலைக்கு அதைப் பயன்படுத்தலாம். உயரத்துக்கு இரும்பு ஸ்கேலும், ஜியோமெட்ரி பெட்டியில் உள்ள மூலைமட்டமும் போதும். ஃபிகரைச் சமதளத்தில் நிறுத்தி, கணுக்கால், முழங்கால், இடுப்பு மூட்டுகளை முழுமையாக நேராக்க வேண்டும். கால்களைச் சேர்த்து வைப்பதுதான் பலர் மறப்பது, 8 செ.மீ. நீளக் கால்கள் பக்கவாட்டில் 20 பாகை விலகினாலே உயரம் ஏறத்தாழ 5 மி.மீ. குறைந்துவிடும்.

உச்சியை அளக்க வேண்டாம், கண்ணை அளக்கவும். பேட்மேனின் காதுகள், தோரின் இறக்கைக் கவசம், வுல்வரினின் முடி, இவை ஒவ்வொன்றும் உச்சியைப் பொய்யாக்குகின்றன. மனிதரின் கண் உச்சியிலிருந்து ஏறத்தாழ 11 முதல் 12 செ.மீ. கீழே இருக்கிறது, 1/12-இல் அது கிட்டத்தட்ட 1 செ.மீ. எனவே தரையிலிருந்து கண் மட்டம் வரை அளந்து, 1 செ.மீ. கூட்டினால் உண்மையான உயரம் கிடைக்கும். தடித்த அடியுள்ள பூட்ஸ் என்றால் அதில் 2 மி.மீ. கழித்துக்கொள்ளலாம்.

எவ்வளவு பிழையைப் பொறுக்கலாம்? மனிதத் தலைக்கு 1 மி.மீ., உயரத்துக்கு 5 மி.மீ. என்பது என் தீர்ப்பு. உயரத்தில் 5 மி.மீ. என்பது உண்மையில் 6 செ.மீ.; மனிதர்களிடையே இயல்பான வேறுபாடுதான். ஆனால் உயர வரிசை மாறக் கூடாது: தோரைவிடக் கேப்டன் உயரமாக நின்றால், ஒவ்வொருவரும் வரம்புக்குள் இருந்தாலும் தட்டு தவறாகத்தான் தெரியும்.

ஐந்தாம் படி: பேருருவங்கள்

ஹல்க் கையேட்டின்படி 213 செ.மீ.; 1/12-இல் 17.8 செ.மீ. திரைப்படத்தில் பழகியவர்களுக்கு இது சிறியதாகத் தோன்றும். அவரைப் போன்றவர்களுக்கு நான் விதியைத் தளர்த்துவேன், ஏனெனில் ஹல்க்கின் தலை எவ்வளவு இருக்க வேண்டும் என்று எந்தக் கண்ணுக்கும் தெரியாது. 7 அங்குல வரிசையின் ஃபிகர்களை 1/12 தட்டில் பயன்படுத்துவதற்கான வழியும் இதுவே. 18 செ.மீ. சூப்பர்மேனை அங்கே நிறுத்தினால் அவர் 216 செ.மீ. உயரமான, பெருந்தலை மனிதராகிவிடுவார். ஆனால் அதே வரிசையின் ஓர் இயந்திர மனிதனோ வேற்றுக்கிரக அரக்கனோ ஒட்டுத் தெரியாமல் சேர்ந்துகொள்ளும்.

கோள்களை விழுங்கும் மார்வல் பேருருவமான கலாக்டஸ் வேறு வகை. கையேடு தரும் 28 அடி 9 அங்குலத்தை 12-ஆல் வகுத்தால் 73 செ.மீ. டாய் பிஸ் 2005-இல், ஒரு தொகுதியின் ஒவ்வொரு ஃபிகரோடும் ஓர் உறுப்பை வைத்து, எல்லாவற்றையும் வாங்கியவர் பொருத்திக்கொள்ளும்படி கொடுத்த கலாக்டஸ் ஏறத்தாழ 40 செ.மீ.; அதாவது 1/22-ஐ ஒட்டியது. ஹாஸ்ப்ரோ 2021-இல் முன்பதிவு முறையில் நிதி திரட்டிச் செய்த கலாக்டஸ் 32 அங்குலம், 81 செ.மீ. தலைக்கவசக் கொம்புகளைக் கழித்துப் பார்த்தால் அது 1/12 கணக்கோடு நன்றாகவே ஒத்துப்போகிறது. பழையதை வைத்திருப்பவர்கள் அதை விற்க வேண்டியதில்லை. பின்வரிசையில் வைத்து இடுப்புக்குக் கீழே மறைத்தால் மீதியைக் கற்பனை பார்த்துக்கொள்ளும்.

ஆறாம் படி: திருத்தக் கூடியவை

தலை மாற்றுவதே மிகுந்த பலன் தரும் திருத்தம். மாற்றுத் தலையை முப்பரிமாண அச்சில் எடுப்பதானால், 1/6-க்கு வடிவமைத்த கோப்பை 50 விழுக்காட்டிலும், 1/10-க்கு வடிவமைத்ததை 83.3 விழுக்காட்டிலும் அச்சிட வேண்டும். புதிய தலையின் குழி பழைய கழுத்துக் குமிழுக்குப் பெரிதாக இருந்தால், குழிக்குள் சிறிது எம்-சீல் வைத்து, குமிழில் எண்ணெய் தடவி அழுத்தி, இறுகுவதற்கு முன் கழற்றிவிட வேண்டும். கழுத்து புதைந்து தெரியும் ஃபிகரையும் இதே முறையில் 2 மி.மீ. வரை உயர்த்தலாம்.

பிவிசி தலைகளையும் கைகளையும் கழற்றுவதற்கு முன் சூடான நீரில் ஒரு நிமிடம் வைத்தால் அவை இளகும். மாட்டிய பிறகு குளிர்ந்த நீரில் நனைத்து வடிவத்தை நிலைப்படுத்த வேண்டும். மூட்டுக் குச்சிகள் இளகாமல் இருக்கும்போது திருகினால் உடைந்துவிடும். கால்களை அறுத்து நீட்டுவது, குறைப்பது ஆகியவற்றை நான் பரிந்துரைக்க மாட்டேன். முழங்கால் மூட்டு தப்பான இடத்துக்குப் போய்விடும், விற்பனை மதிப்பும் போய்விடும்.

கையில் உள்ள பொருட்களையும் வகுத்துப் பாருங்கள். கேப்டனின் கேடயம் இரண்டரை அடி விட்டம், 1/12-இல் 6.35 செ.மீ. துணி உடைகளுக்கு விதி இன்னும் கடுமையானது: அரை மில்லிமீட்டர் துணி, கணக்கின்படி 6 மி.மீ. தடித்த கம்பளமாகிறது. 1/6-இல் அழகாக விழும் மேலங்கி 1/12-இல் விறைத்து நிற்பதற்கு இதுவே காரணம்.

ஏழாம் படி: தட்டில் நிறுத்துதல்

திருத்த முடியாத மீதியைப் பார்வைக் கோணம் சரிசெய்யும். சற்றுப் பெரிய தலையுள்ளவரை முன்னேயும் சிறிய தலையுள்ளவரைப் பின்னேயும் நிறுத்தினால், கண் அதைத் தொலைவு என்று எடுத்துக்கொள்ளும். இருவரின் பாதங்களும் ஒரே தளத்தில் தெரியாதபடி இடையில் ஒரு சுவரோ இடிபாடோ வைப்பது முக்கியம். தரை தொடர்ச்சியாகத் தெரிந்தால் ஏமாற்று வேலை பலிக்காது. 1/18 ஃபிகர்களைக்கூட இப்படித் தொலைவில் பறப்பவர்களாகவோ மாடியில் நிற்பவர்களாகவோ காட்டலாம். அக்ரிலிக் படிகள் எல்லோரையும் தெரியவைக்கும், ஆனால் உயர வரிசையைக் குழப்பும். குட்டையானவரைப் படியில் ஏற்றினால் அவரைக் குந்தவைப்பதோ பாயவைப்பதோ நல்லது, நேராக நிறுத்தக் கூடாது. ஒளிப்படம் எடுப்பவர்கள் கேமராவைத் தரையிலிருந்து 14 செ.மீ. உயரத்தில், ஃபிகரின் கண் மட்டத்தில் வைக்க வேண்டும். சற்று விலகி நின்று பெரிதாக்கி எடுத்தால் பின்னால் நிற்பவர்கள் சுருங்க மாட்டார்கள்.

வாங்குவதற்கு முன்

விற்பனையாளர் படத்தில் ஃபிகர் தனியாக நிற்கும். அதைக்கொண்டு எதையும் தீர்மானிக்க முடியாது. உங்களிடம் ஏற்கெனவே உள்ள ஒரு ஃபிகருக்குப் பக்கத்தில் அது நிற்கும் படத்தைத் தேடுங்கள். கிடைத்தால், திரையில் இருவரின் தலைகளையும் அளந்து விகிதம் பார்த்தால் போதும். உங்கள் ஃபிகரின் தலை அளவு தெரியும் என்பதால் மற்றது தானே கிடைத்துவிடும். படத்தில் இருவரும் ஒரே கோட்டில் நிற்கிறார்களா என்று பாதங்களைக் கவனியுங்கள். விலை சந்தேகத்துக்கிடமாகக் குறைவாக இருந்தால் இன்னொரு காரணத்துக்காகவும் ஒதுங்குங்கள்: போலிகள் பல, அசலையே அச்செடுத்து வார்க்கப்படுபவை, அப்படி வார்க்கும்போது பிளாஸ்டிக் சுருங்குவதால் அசலைவிட ஒரு சுற்றுச் சிறிதாகவே வரும். உயரப் பட்டியலையும், ஒவ்வொரு ஃபிகரின் கண் மட்டம், தலை அளவு ஆகியவற்றையும் ஒரு தாளில் எழுதி அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டிவைத்திருப்பவருக்கு, அடுத்த ஃபிகரை வாங்கலாமா வேண்டாமா என்பது ஒரு நிமிடக் கணக்கு.